கால் ஊன்றாமல் ஏறிய பச்சை சைக்கிள்

சைக்கிள் கடை என்பது, ஊரார் ஓட்டிக் கெடுத்ததை ஒருவன் உட்கார்ந்து திருத்துகிற தொழில். கள்ளக்குறிச்சியில் போராட்டத்தை விட்டால் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். என்னைப் போல மேட்டில் வண்டி தள்ளியவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

என் தோழன் கலியமூர்த்தியின் பச்சை ரேஸ் சைக்கிளுக்கும் அவனுக்கும் நடந்த அநீதிகள், வரிசைப்படி. ஒன்று: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பந்தய வண்டிக்குக் கேரியர் அடித்து, நோட்டீஸ் மூட்டை கட்டினோம். இரண்டு: கல்வராயன் மலைக்கு ஒத்துவராத கியரோடு, மலைமக்களின் பட்டாப் போராட்டம் முடியும்வரை அவனைத் தள்ளவைத்தோம். மூன்று: பிடிபட்டால் ஆள் தெரியக்கூடாது என்று, ஃபிரேமில் பெயின்டர் எழுதிய அவன் பெயரைச் சுரண்டச் சொன்னது இயக்கம். நான்கு: பட்டா வந்தபின் எந்த மேடையிலும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

போன வருஷம் அவன் இறந்தான். மகள் மலர், ஒப்பந்த நர்ஸ், வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். அப்பா தள்ளிய பாதையில், கால் ஊன்றாமல் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைவரை மிதிக்க வேண்டும் என்றாள்.

பின் போர்க்

ஏற்றத்துக்கென்று வாங்கிய புதுச் சக்கரத்தில் கியர் அதிகம், அதனால் அகலமும் அதிகம். பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற கவட்டை, அதாவது போர்க்குக்குள் நுழையவில்லை. பழைய இரும்பு வளைந்துகொடுக்கும், அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும். கட்டை கொடுத்துக் கொஞ்சம் விரிப்பேன், நூல் பிடித்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பேன். அவன் வண்டி என்பதால் விரித்ததைவிட அளந்ததுதான் அதிகம். மலர் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கவர்மெண்டையே வளைக்கக் கெளம்புனவரு, இந்தக் கம்பிய வளைக்கப் பயப்படறீங்களே பெரிப்பா."

பெரிய பல்

ஏற்றத்துக்குப் பின்னால் பெரிய பல்சக்கரம் வேண்டும். மிதிப்பது லேசாகும், வேகம் குறையும். பஞ்சருக்கு வந்த மூங்கில்துறைப்பட்டு கரும்பு வெட்டுக்காரர் அதை உற்றுப் பார்த்தார். "இன்னா தலைவரே, இட்லித் தட்ட மாட்டிக்கினு இருக்கீங்க?"

பிரேக்

வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்தேன். தெருமுனையில் மலர் செருப்பைத் தேய்த்து நிறுத்தினாள். புது ரிம் பழையதைவிடக் கொஞ்சம் சிறியது. பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரைக் கடித்துக்கொண்டிருந்தது. கை நீளமான பிரேக் வாங்கி மாட்டினேன். அவள் கோபப்படவில்லை. "ஏர்றதயே நெனச்சிக்கினு இருக்கீங்க. எறங்கி வந்து நான் டூட்டிக்குப் போவ வேணாமா?"

வெள்ளிமலை

மொபெட்டில் பின்னால் போனேன். அவள் அப்பன் மூச்சு வாங்கி நிற்கிற வளைவில் வண்டி தள்ளாடியது. இறங்கிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். செயின் பெரிய பல்லில் ஏறுகிற சத்தம் கேட்டது. நடக்கிற வேகத்தில் வளைவைக் கடந்துவிட்டாள்.

வெள்ளிமலை டீக்கடை வாசலில்தான் கால் ஊன்றினாள். கடையிலிருந்த பெரியவர்கள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்கள். நோட்டீஸ்காரர் வண்டி இது, தள்ளிக்கொண்டே வருவாரே என்றார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. சுரண்டிய இடத்தில் மலர் பெயின்டரை வைத்து மறுபடி எழுதியிருந்தாள். கண் மங்கிய ஒரு பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எழுதியிருக்கறத நீங்களே படிங்க தலைவரே, அல்லாரும் கேக்கட்டும்."

எத்தனையோ தலைவர்களின் பெயரை மைக்கில் தொண்டை கிழிய முழங்கிய நான், டீ கிளாஸோடு நின்ற சாட்சிகள் முன்னால் மைக் இல்லாமல் வாசித்த ஒரே உருப்படியான பெயர்: நைனார்பாளையம் கலியமூர்த்தி.