கிளட்ச் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

செஞ்சி நெல் கமிட்டியில் எடை போடுகிற சீதளநாதன், வீட்டுச் சாமான் எதையும் பழுது பார்க்க வெளியே கொடுத்தவரில்லை. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மனைவி ஜ்வாலாமாலினியின் தையல் மிஷின் எல்லாமே அவர் கையால் திறக்கப்பட்டு அவர் கையாலேயே மூடப்பட்டவை. நாற்பத்தெட்டு வயதில் அவர் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. பிள்ளை இல்லை. நிலம் அண்ணனோடு போய்விட்டது. ஆனால் செத்துக் கிடந்த ஒரு மிஷின் அவர் கையில் உறுமி எழும்போது, மாலினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "ஓடுதா?" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

மார்கழி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாலினியின் தம்பி ரிஷபன் போன் செய்தான். வல்லம் தாண்டி உள்ளே போகிற ஊர். படுக்கையில் கிடக்கும் அம்மாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"மாமா, அம்மா நேத்தோட கஞ்சிய நிறுத்திட்டாங்க. இன்னிக்கு தண்ணியும் வாணாங்கறாங்க. மாலினி வந்து குடுக்கட்டும்னு வாய மூடிக்கினாங்க. பொழுதோட வந்துடுங்க."

பொழுதோடு என்றால் பொழுதோடுதான். அந்தச் சமணக் குடும்பங்களில் சூரியன் இறங்கிய பிறகு அடுப்பு எரியாது. மாலினியின் அம்மாவுக்கு அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. அறுபது வருஷ நோன்பு. காய்ச்சலில் அனத்திக் கிடந்த நாட்களில்கூட இருட்டியபின் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை.

"பன்னண்டரை பஸ்ல போயிடலாங்க. ஊருக்குள்ளயே போவுது" என்றாள் மாலினி.

"பஸ்ஸ நம்பிக்கினு இருக்க முடியுமா? வண்டியிலயே போயிடலாம்."

வண்டி பத்து நாளாகவே சரியில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம்தான் கூடியது, ஓட்டம் கூடவில்லை. இரண்டு பேர் ஏறினால் நகரவே யோசித்தது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. புதுப் பிளேட்டும், கவருக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கிற பேக்கிங்கும் வாங்கிவைத்து ஒரு வாரம் ஆகிறது.

"ஒரு மணி நேர வேல" என்றார்.

வண்டியை வாசலில் இடப்பக்கம் சாய்த்து நிறுத்தி, ஆயிலை இறக்கி, கிக்கரைக் கழற்றி, கவரைப் பிரித்தார். பழைய பேக்கிங் பிசினாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே பதினொன்றாகிவிட்டது. புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஈயச் சட்டியில் ஆயிலை ஊற்றி, பிளேட்டுகளையும் இடையில் வரும் இரும்புத் தகடுகளையும் அதில் போட்டார். எறும்போ பூச்சியோ விழுந்து செத்துவிடக்கூடாதே என்று மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார். எந்தச் சட்டியையும் மூடாமல் வைத்துப் பழக்கமில்லை அந்த வீட்டில்.

பன்னிரண்டுக்கு மாலினி புடவை மாற்றிக்கொண்டு பையோடு வந்து நின்றாள். எதிர்வீட்டு ராஜாராம் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனாரே, ஆபரேஷனா? ஆளு பொழைக்குமா?"

"உன் வாயில நல்லதே வராதா?"

"குடல எல்லாம் வெளிய எடுத்துப் போட்டுக்கினு உக்காந்திருக்க, வேற இன்னா கேக்கறது? அவசரம்னா என் வண்டிய எடுத்துக்கினு போ. மூணு மணிக்குதான் எனக்கு டூட்டி. அதுக்குள்ள வுட்டுட்டு வந்துடலாம்."

மாலினி கணவனைப் பார்த்தாள்.

"வாணாம் ராஜாராம். பிளேட்டு ஊறிக்கினு இருக்குது. மாட்டி மூட வேண்டியதுதான். முடிஞ்சிடுச்சு."

"ஏங்க, பஸ்ஸு..."

"அரை மணி நேரம் மாலினி. உன்ன அம்மா வீட்டு வாசல்லயே எறக்கிடறேன்."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பஸ் திண்டிவனம் ரோட்டில் ஹாரன் அடித்துப் போனது வாசல்வரை கேட்டது. அவர் நிமிரவில்லை.

இரண்டு மணிக்குக் கவரை மூடி, ஆயில் ஊற்றி, உதைத்தார். வண்டி எழுந்தது. கியர் போட்டார். சத்தம்தான் வந்தது. பழைய தேய்ந்த பிளேட்டே பரவாயில்லை என்கிற மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. அவருக்கு விளங்கவில்லை. கேபிளை இளக்கிப் பார்த்தார், இறுக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, கை துடைக்கத் துணியைச் சட்டியிலிருந்து முழுவதும் இழுத்தபோதுதான் பார்த்தார். அடியில், கறுப்பு ஆயிலுக்குள், ஒரு இரும்புத் தகடு தனியாகக் கிடந்தது. துணியைப் பாதி விலக்கிவிட்டுக் கையால் துழாவி எடுத்ததில் அது தப்பிவிட்டது.

"ஓடுதா?" என்று மாலினி கேட்கவில்லை. "இன்னாங்க ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு தகடு."

ராஜாராம் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார். மறுபடி ஆயில் இறங்கியது, கவர் பிரிந்தது. புதுப் பேக்கிங் கிழிந்தது. அதைப் பசை வைத்து ஒட்டினார். தகட்டை அதன் இடத்தில் சேர்த்து, நான்கு ஸ்பிரிங் போல்ட்டுகளையும் டி-ஸ்பேனரால் முறுக்கினார். மூன்று உட்கார்ந்துவிட்டன. நான்காவதையும் அதுபோல விட்டிருக்கலாம். இனி எதுவும் தப்பக்கூடாது என்று இன்னொரு அரைச் சுற்று கொடுத்தார்.

டக்கென்று கேட்டது. போல்ட்டைப் பிடித்திருந்த அலுமினியத் தூண் அடியோடு உடைந்து, போல்ட்டோடு அவர் கையில் வந்தது.

மாலினி எழுந்துவிட்டாள். மணி நாலரை.

ஆட்டோ கிடைக்க ஐந்தே காலாகிவிட்டது. அதற்குள் ராஜகிரிக் கோட்டை மலை சூரியனை மறைத்து, ஊரில் நிழல் விழுந்துவிட்டது. அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மலை பின்னால் தாழ்ந்தது. அதன் தோளுக்கு மேல் சூரியன் திரும்பவும் எட்டிப் பார்த்தது.

"பாரு, இருக்குது! இன்னும் இருக்குது!" என்று கத்தினார். "சீக்கிரம் போப்பா!"

மாலினி திரும்பிப் பார்த்தாள். வல்லத்தில் திரும்பும்வரை வேர்க்கடலைக் கொல்லைகளின்மேல் சிவப்பாக வெளிச்சம் கிடந்தது. பிறகு அதுவும் போனது. ஒரே நாளில் இரண்டாவது முறையாக இறங்கிய சூரியனை அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரிஷபன் வாசலில் நின்றிருந்தான். "இப்பத்தான் மாமா பொழுது சாஞ்சுது" என்றான்.

மாலினி அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் காலையிலிருந்து வடிகட்டி வைத்த தண்ணீர் டம்ளர் நிரம்ப இருந்தது. உதடு வெடித்திருந்தது. கண்ணில் புரை, வெளிச்சமும் இருட்டும் தெரியாது.

"மாலினியா?"

"ஆமாம்மா."

"பொழுது இருக்குதா?"

சீதளநாதன் மனைவியின் காதருகே குனிந்தார். "இருக்குதுன்னு சொல்லு. அவங்களுக்குத் தெரியவா போவுது. ஒரு வாய் குடிச்சிக்கட்டும்."

மாலினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"போயிடுச்சும்மா" என்றாள்.

நாக்கு ஒரு தரம் உதட்டைத் தேடியது. "செரி. வெடிஞ்சதும் குடு."

வெளுப்பதற்குக் கொஞ்சம் முன்பே மூச்சு நின்றுவிட்டது. ரிஷபன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போனான். அறையில் இருவர் மட்டும்.

"முடிஞ்சிடும்னுதான் மாலினி நெனச்சேன்."

"ஒவ்வொரு தபாவும் அப்படித்தாங்க சொன்னீங்க. நானும் ஒவ்வொரு தபாவும் நம்பினேன்." அவள் அம்மாவின் முடிச்சிட்ட தலைமுடியை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். "போய்த் தண்ணி கொண்டாங்க. குளுப்பாட்டணும்."

கிணற்றடியில் குடத்தின் வாயில் துணியைக் கட்டி, இறைத்து ஊற்றினார். துணியை அவிழ்த்ததும் தண்ணீரின்மேல் ஒரு மெல்லிய வானவில் படர்ந்தது. அவர் நகக்கண்களில் இன்னும் ஆயில் இருந்தது. குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்தார். மறுபடி இறைத்தார். மறுபடியும் படர்ந்தது.

உள்ளேயிருந்து மாலினி கூப்பிட்டாள். அவர் இன்னும் கை தேய்த்துக்கொண்டிருந்தார்.