மேடை மேசையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். சத்தியப் பிரமாணம் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருந்தால் போதும்.

மாடம்பாக்கத்தில் ஒரு திருமணக் கூடம், பொங்கலையொட்டிய பட்டிமன்றம். மேடையில் எதிரெதிராக நானும் என் தோழனும். கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. மேடையில் மட்டும் நாங்கள் ஒருநாளும் ஓரணியில் நின்றதில்லை. நான் வாதத்தை அடுக்கிக் கட்டுபவன். அவன் அதை ஒரே சிரிப்பில் இடிப்பவன். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் வயதில் எங்களுக்கு நிகரான பேச்சாளர் இல்லை என்று எண்ணியிருந்தேன். இன்றும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

பேச்சாளர்களாகிய எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்கும்போது பாட்டிலைப் பார்க்கக் கூடாது. கைதட்டல் எழும் கணத்தில் கை மட்டும் மேசைக்குப் போகும், மூடியைத் திருகும். கண் அவையை விட்டு அகலாது. கண் தாழ்ந்தால் அவை கைநழுவிப் போகும். கண்ணாடி முன் நின்று இதைப் பயின்றிருக்கிறோம்.

அன்று அவன் என் வாதத்தைத் தூள் தூளாக்கினான். கூடம் அதிர்ந்தது. அவன் கை மேசைக்குப் போயிற்று. கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தன. ஒரு மிடறு.

அப்போது எழுந்த ஒலியை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை. மைக் உதட்டருகே இருந்ததால் கூடம் முழுவதும் கேட்டது. வாயிலிருந்து நுரையும் குருதியும் கலந்து வழிந்தன. அவை விழுந்த இடமெல்லாம் சட்டை பொத்துப்போனது. தன் கழுத்தைத் தானே பிய்த்தெறிய முயல்பவன்போல் அவன் மேடையில் புரண்டான். தாங்கப் போன என் உள்ளங்கையில் தோல் வெந்து உரிந்தது.

பாட்டிலில் இருந்தது அடர் அமிலம். கழிவறை கழுவுவதற்காகக் கூடத்துப் பணியாளர் வாங்கி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தார். விழாக் குழுவினர் ஒருவர் தண்ணீர் என்று எண்ணி எடுத்து மேசையில் வைத்துவிட்டார். உரிமமின்றிச் சில்லறையில் விற்பதற்குத் தடை விதிக்கப்பட்ட சரக்கு அது. அதை விற்ற கையை அன்று காலையிலேயே நான் பார்த்திருந்தேன்.

பேனர் ஒட்டுவதற்காக ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். “ஐயா, ஒட்டும் நாடா ஒன்று வேண்டும்,” என்றேன்.

கடைக்காரர் நீல டிரம்மிலிருந்து புனல் வழியாக ஊற்றியபடியே சிரித்தார். “செல்லோடேப்னு கேளுப்பா. இன்னா தம்பி, ரேடியோ மாரி பேசற?” பிறகு, காத்திருந்த கூடத்துப் பணியாளரிடம் பாட்டிலை நீட்டினார். “புடி அண்ணே. சரக்கு சும்மா எரிமலை மாரி கீது. எவனாச்சும் கேட்டா என் பேரு வரக் கூடாது.”

தண்ணீர்ப் பாட்டில். லேபிள்கூடக் கிழிக்கப்படவில்லை.

அமிலம் எந்தக் கடையில் வாங்கியது என்ற செய்தி மாலைக்குள் பரவி, கூட்டம் அந்தக் கடையின் ஷட்டரைக் கடப்பாரையால் பெயர்த்தது. கடைக்காரரைத் தலைமுடியைப் பற்றித் தெருவுக்கு இழுத்து வந்து முகத்தில் மிதித்தார்கள். சிலர் நீல டிரம்மை உருட்டி வந்தார்கள். “அவன் வாய்லயே ஊத்துங்கடா!” என்றது ஒரு குரல்.

நான் ஒரு லோடு ஆட்டோவின் மேல் ஏறினேன். “தோழர்களே, அந்த டிரம்மைத் தீண்டாதீர்கள்! அதுவே நம் சாட்சி!” ஒருவரும் திரும்பவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “டேய், டிரம்ம வுடுங்கடா! அது போச்சுன்னா கேஸே போச்சு!”

கைகள் நின்றன. போலீஸ் வந்தபோது டிரம் சிந்தாமல் நின்றது. கடைக்காரர் உயிரோடு இருந்தார்.

வழக்கு பதிவாயிற்று. பாட்டிலை வாங்கிய பணியாளர் பயந்து ஊரைவிட்டே போய்விட்டார். விற்றதை நேரில் கண்டவன் நான் ஒருவனே. நான் பின்வாங்கினால் வழக்கு விழும். பிழைத்தும் குரல் இழந்துவிட்ட என் தோழனின் தொண்டைக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். இதைக் கடைக்காரரின் மைத்துனரும் அறிந்திருந்தார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் இரண்டு ஆட்களோடு என் வண்டியை மறித்தார்.

“டேய் மைக்கு, கோர்ட்ல இன்னா சொல்லப் போற?”

“பார்த்ததைச் சொல்வேன்.”

“வாய் இருந்தாத்தானே சொல்லுவ?”

ஆட்கள் இருவரும் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். மைத்துனர் இரும்புக் குழாயை என் வாயின்மேல் இறக்கினார். உதடு கிழிந்து தொங்கியது. முன்பற்கள் நாக்கின்மேல் விழுந்தன. விலாவில் அடுத்த அடி, தரையில் கிடந்தபோது முதுகில் உதைகள். இரத்தத்தைத் துப்பிவிட்டு, “பார்த்தேன்,” என்றேன். சொல் சீட்டியாக வெளிவந்தது. மறுபடியும் அடித்தார்கள்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னை நோக்கிப் புன்னகைத்தார். “பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தானே முடிவு செய்கிறார்கள்?”

“ஆம்.”

“எந்த அணி விழுந்தாலும் அதை உண்மைபோலப் பேசுவீர்கள்?”

“பேசுவேன்.”

“இன்றைக்கு எந்த அணி விழுந்தது?”

என் குருதி கொதித்தது. கையை உயர்த்தினேன். “நடுவர் அவர்களே!” என்று முழங்கினேன். நீதிமன்றமே சிரித்தது. பின்வரிசையில், தொண்டையில் குழாயோடு அமர்ந்திருந்த என் தோழனின் தோள்களும் குலுங்கின.

“இது மேடை இல்ல தம்பி,” என்றார் நீதிபதி. “பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

கையை இறக்கினேன். “நீல டிரம் சார். புனல் வச்சு ஊத்தினார். தண்ணி பாட்டில், லேபிள் இருந்துச்சு. என் பேரு வரக் கூடாதுன்னார். அதோ நிக்கிறாரே, அவர்தான்.”

வழக்கறிஞர் எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டும் அதையே சொன்னேன். அந்தச் சொற்களின்மீதே தீர்ப்பு நின்றது. கடைக்காரருக்குச் சிறை.

தீர்ப்பு நாளில் வெளி வராந்தாவில் மைத்துனர் தூணில் சாய்ந்து நின்றார். என்னை அடித்த வழக்கில் ஜாமீனில் இருப்பவர். “அடுத்த கேஸ்ல வாயத் தொறந்து பாரு மச்சான்,” என்றார், தரையைப் பார்த்தபடி.

என் தோழன் கைப்பேசியில் எதையோ தட்டி என் முன் நீட்டினான்: ‘அன்னிக்கு கோர்ட்ல மொக்கை பேச்சு மச்சான். ஒரு உவமைகூட இல்ல.’

நான் அவனைப் பார்த்துப் பேசினேன். ஆனால் வராந்தாவின் கடைசித் தூண்வரை கேட்கும் குரலில் பேசினேன். “அடுத்த வழக்கிலும் உவமை இருக்காது மச்சான். கையைப் பிடித்தவன் யார், குழாயை ஓங்கியவன் யார், என் வாயிலிருந்து விழுந்தது எது, இதைத்தான் சொல்வேன். மிச்சப் பற்களையும் உடைத்தாலும் இதையேதான் சொல்வேன்.”