கவிழ்த்த டம்ளருக்குள்

அடுத்த வீதியில் டெங்குவால் ஒரு குழந்தை இறந்த மறுநாள் எங்கள் வேலம்பாளையத்துக்குக் கொசுப்புகை மெஷின் வந்தது. விதிமுறை அப்படி. புகை எப்போதும் சாவுக்குப் பின்னால்தான் வரும். கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த விதிகள் மனப்பாடம். மறக்கத்தான் முடியவில்லை.

என் வீட்டின் பின்பக்கம் ஓர் இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவன் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினான். அவள் ஏழு மாத கர்ப்பிணி. கம்பெனியிலிருந்து வரும் டீஷர்ட்டுகளுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பிசிர் நூல் வெட்டுவாள். அப்போது வந்த ஆர்டர் முழுக்கக் கறுப்பு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், இருண்ட துணியில் ஒதுங்கும். அவள் குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவும்போது சில கொசுக்கள் சத்தமில்லாமல் எழும்பி, வேறு மடிப்புக்குள் போய் உட்காரும். அந்தச் சாவுக்குப் பிறகு அவர்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் கண் குவியலுக்குப் போய், அங்கிருந்து அவள் வயிற்றுக்குப் போனது.

புகை அடங்கியதும் அவள் ஒரு வெள்ளைத் துணியை ஏந்திக்கொண்டு வந்தாள். அதில் கொசுக்கள் மல்லாந்து கிடந்தன.

"பாருங்க சார், அத்தனையும் செத்துக் கெடக்குதுங்க."

"விழுந்து கெடக்குது கண்ணு. செத்துச்சான்னு நாளைக்குத்தான் தெரியும்."

செத்ததா என்று சொல்ல ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும் என்பது ஆய்வக விதி. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அருகில் வைத்து, என் வாசல் திண்ணையில் அவற்றின் மேல் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்தேன். அவள் கணவன் எட்டிப் பார்த்தான்.

"பொணத்துக்குக் காவலும் போட்டு, சோறும் வெக்கறீங்களே சார். கவர்மெண்டுல இதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்களா?"

கிட்டத்தட்ட இதற்குத்தான் என்றேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது அவள் டம்ளருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சிருச்சுங்க," என்றாள்.

எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். கண்ணாடியில் நிமிர்ந்து நின்றன. ஒன்று பின்னங்காலைத் தூக்கித் தேய்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொசுவின் நரம்பில் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. மருந்து அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், கொசு துடித்து விழும். அந்தக் கதவைக் கட்டும் மரபணுவில் ஓர் எழுத்து மாறிப் பிறந்த கொசுவை மருந்தால் பிடிக்க முடியாது. அது விழவே விழாது. வேறு சில, நஞ்சைச் செரிக்கும் சுரப்பு மிகுந்து பிறக்கும். அவை விழும், செரித்துவிட்டு எழும். புகை இந்த மாற்றங்களை உண்டாக்குவதில்லை. மாறாதவற்றை அப்புறப்படுத்தி, மாறியவற்றுக்கு ஊரை ஒதுக்கிக் கொடுக்கிறது. எங்கள் பிரிவு இவ்வளவு ஒழுங்காக முடித்த வேலை வேறு எதுவும் இல்லை.

அவள் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க எரியும் கொசு மருந்தும் அப்படித்தானா என்று கேட்டாள். பெரும்பாலும் ஒரே இன மருந்துதான் என்றேன். உடனே கணவனிடம், தாராபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இப்போதே போவதாகச் சொன்னாள். வளைகாப்பு முடிந்து போகலாம், இந்த டீஷர்ட் லாட் முடியட்டும் என்று அவன் இழுத்தான்.

"லாட்டு முடியும். அதுக்குள்ள நான் முடிஞ்சிட்டா?" என்றாள்.

அவன் அன்றே வண்டிக்குச் சொன்னான்.

வாசலில் அவர்களுடைய நீல டிரம் நின்றது. சாயப்பட்டறைக்கு ரசாயனம் வந்த பழைய டிரம். குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் அதுதான் நிற்கும். அதன் வாயில் பனியன் துணி கட்டியிருந்தார்கள். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு நீளும். நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கொட்டி, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கொட்டினார்கள். என் வாக்கியங்களில் முதல் பாதியை மட்டும் கேட்பது பொதுமக்களின் நெடுநாள் வழக்கம்.

அவள் போனபின் நான் சில நாள் நன்றாகத் தூங்கினேன். பிறகு ஒரு மதியம் போன் செய்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை, இங்கே கொசுவே இல்லை, அம்மா கீழே உட்காரக்கூட விடுவதில்லை என்றாள். கேட்டுக்கொண்டே பின்பக்கத்து அவர்கள் வாசலைப் பார்த்தேன். டிரம் நின்ற இடத்தில் ஈரம் காய்ந்த வட்டம் மட்டும் இருந்தது.

"டிரம் எங்க கண்ணு?"

"வண்டிலயே கொண்டாந்துட்டமுங்க. அம்மாவுக்கும் ஒண்ணு வேணும்னாங்க. நல்லா வெயில்ல காய வெச்சுத்தான் சார் ஏத்துனோம்."

டெங்குக் கொசுவின் முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். மாறிய அந்த மரபணு எழுத்தும் அதற்குள்தான் இருக்கும்.

"தண்ணி ரொப்பிட்டீங்களா?"

"வந்த அன்னைக்கேங்க."

"துணிய எடுத்துட்டு உள்ள பாரு."

அவள் நடப்பது கேட்டது. பிறகு டிரம்மின் வாயிலிருந்து துணியை உருவும் சரசரப்பு.

"குட்டிப் புழுவா மேல வந்து வந்து போவுதுங்க," என்றாள். டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்து பேசிய அதே குரல்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காய்ந்த மண்ணில் கொட்டச் சொன்னேன். நீ தூக்காதே என்றேன். முதலில் அம்மாவின் முணுமுணுப்பு, பிறகு டிரம் சாயும் சத்தம், தண்ணீர். அதன்பின் நார் உரசத் தொடங்கியது. அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. உள்சுவர் முழுக்கத் தேய்த்தாயிற்றா, அடிவிளிம்பும் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆயிற்று, ஆயிற்று என்றாள். அந்த உரசல் ஒவ்வொரு முறை நின்றபோதும், போதாது என்றே எனக்குத் தோன்றியது.