என் கூலி, மகள் கணக்கில்

போன ஆடி மாதம் என் மகள் கௌரியின் கல்வி உதவித்தொகை நின்றுபோனது. சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பணம் வந்தால்தான் ஹாஸ்டல், படிப்பு எல்லாம்.

நான் ஜலகண்டாபுரத்துப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். மனைவி இறந்துவிட்டாள். மகளும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். தறிச் சத்தம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால் தெரியும்.

எங்கள் தறிக்கூடத்தில் கூலியை ஃபோனில்தான் போடுவார்கள். எனக்கு அது தெரியாது, என் பெயரில் கணக்கும் இல்லை. உதவித்தொகைக்காகக் கௌரி பெயரில் வங்கிக் கணக்கு இருந்தது. அதிலேயே போடச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அப்படித்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

வருமானச் சான்று புதுப்பிக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது அவள் பாஸ்புக்கைப் பார்த்தார்கள். வாராவாரம் பணம் விழுந்திருந்தது. படிக்கிற பெண்ணே சம்பாதிக்கிறாள் என்றார்கள். அதை அவள் சம்பாத்தியமாகவும், நான் சொன்ன கூலியைத் தனியாகவும் வைத்துக் கூட்டினார்கள். உதவித்தொகைக்கான வருமான வரம்பைத் தாண்டிவிட்டது. ரெண்டும் ஒரே கூலிதான் என்றேன். கூலி கொடுத்தவர் நேரில் வந்து சொல்லட்டும் என்றார்கள்.

முதலாளியிடம் போனேன். எனக்கு அவர் பங்காளி முறை. வரமாட்டேன் என்றுவிட்டார். ஆபீசில் போய் நின்றால் தன் தறிக் கணக்கையும் கேட்பார்கள் என்று பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கௌரி ஃபோனில் பேசினாள். “அப்பா, படிப்ப நிறுத்திட்டு நானும் தறிக்கே வாரனுங்க. நீங்களும் அங்க ஒத்தையில கெடக்கறீங்க.”

எனக்கு அது ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு குரல் கேட்குமே என்று மனசு போனது. அதுதான் கொடுமை. ஃபோனை வைத்துவிட்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் மதியம் எங்கள் குலதெய்வம் அங்காளம்மன் கோயிலுக்குப் போனேன். பூப்போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்கலாம் என்றால் பூசாரி இல்லை. ஒருத்தரும் இல்லை. நான் வாய்விட்டு வேண்டிப் பழக்கமில்லாதவன். அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன்.

“ஆத்தா, எம்புள்ள சம்பாதிக்கல. நாந்தான் தறி ஓட்டுனேன். நீ பாத்துட்டுத்தான இருந்த. எனக்குன்னு வந்து சொல்ல ஆரும் இல்ல. நீ வந்து சொல்லு.”

விழுந்து கும்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முதலாளி வண்டியோடு வாசலில் நின்றார். அமாவாசை பூசைக்கு விளக்கு துலக்க அந்த மதியம் அவரும் வந்திருக்கிறார். கோயிலுக்குப் பின்பக்கம் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

“ஆத்தாளப் போயி ஆபீசுக்கு வரச் சொல்றயேப்பா,” என்றார். “அவ வந்து வரிசைல நிப்பாளா? ஏறு. நான் வாரேன்.”

ஆபீசில் அதிகாரி முன்னால் போய் நின்றார். மகள் கணக்கில் போட்ட அத்தனையும் எனக்குக் கொடுத்த கூலிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தறிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஐப்பசியில் உதவித்தொகை வந்தது. கௌரி படிக்கிறாள்.

இப்போது என் பெயரில் கணக்கு இருக்கிறது. படிக்கிற பிள்ளை உள்ளவர்கள் உங்கள் கூலியை அவர்கள் கணக்கில் போடாதீர்கள்.

வீட்டில் இன்னும் நான் ஒருவன்தான். கரண்ட் போனால் அமைதிதான். அப்போது அன்றைக்குப் பட்ட பாட்டை ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். உங்களுக்கும் சொல்ல ஆளில்லை என்றால் அவளிடம் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். யார் காதில் விழவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.