யார் சொல்லி அழித்தேன்?

ஒய்டூகே பூதம் வராமலே ஓய்ந்துபோன இரண்டாயிரமாவது வருஷம். பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் வேலை எனக்கு. ஆறு மாதம் தற்காலிகம். அந்த வாரம்தான் நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் ஈஜிபுரா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆம்பூருக்குத் திரும்பி, வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா அப்படிப் பேசித்தான் அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்தால், எங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் கொடி. அதன் கீழே நம் நாட்டைப் பற்றிப் படிக்கவே கூசும் வசவு. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர், தமிழைக் கன்னடத்தோடு பிசைந்து பேசுவார்.

"அமெரிக்கா கிளையண்ட் எந்திரிக்கறதுக்குள்ள சரியாகணும். டிஸ்கை ஃபார்மாட் பண்ணி எல்லாத்தையும் புதுசா போடும்மா. பேகா, பேகா, சீக்கிரம்!"

"சார், யாரு எங்கேருந்து உள்ள வந்தாங்கங்கற லாக் அதுலதான் இருக்கு. பத்தே நிமிஷம், காப்பி எடுத்துக்கறேன்."

"அதை வெச்சு பூஜையா பண்ணப் போறே? அழிம்மா!"

அழித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இணையப் பக்கத்துக்கு வேறு மெஷினில் நகல் இருந்தது. லாக்குக்கு இல்லை.

மத்தியானத்துக்குள் பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது. உடனே மேனேஜருக்கு வீரம் பொத்துக்கொண்டு வந்தது. "இது கம்பெனி மேல அட்டாக் இல்லப்பா, தேசத்து மேல அட்டாக்!" என்று கேன்டீனில் முழங்கினார். டெல்லிக்கு எழுத வேண்டுமாம். ஐ.நா. வரைக்கும் போக வேண்டுமாம். காலையில் பத்து நிமிஷம் பொறுக்காத மனுஷன் சர்வதேசச் சட்டம் பேசுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கம்பெனியின் வக்கீல் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்தார். பெரியவர், அதிராத பேச்சு. மேனேஜர் கொட்டியதையெல்லாம் கேட்டு முடித்தார்.

"ஒரு நாடு நம்மளைத் தாக்குச்சுன்னு சொல்லணும்னா, அந்த அரசாங்கம் உத்தரவு குடுத்துச்சுன்னு காட்டணும். எவனோ ஒருத்தன் வீட்ல உக்காந்து செஞ்சா அதுக்கு அந்த நாடு பொறுப்பாகாது. கொடியை யார் வேணும்னாலும் போடலாம், நம்ம ஊர் ஆளே போட்டிருக்கலாம். லாக் எங்கே?"

"அழிஞ்சிடுச்சு சார்" என்றார் மேனேஜர்.

அழிஞ்சிடுச்சாம்! தானாகவே, மழையில் கோலம் கரைந்த மாதிரி!

"யார் அழிச்சது?"

மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்கதானே சார் அழின்னு சொன்னீங்க!" கத்தியே விட்டேன். அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

"நானா? சீக்கிரம் சரி பண்ணுன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"அவர் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"தோளுக்குப் பின்னால நின்னு சொல்றதுக்கெல்லாம் எழுத்து ஏது சார்? அந்த நாட்டுக்காரங்க மட்டும் உத்தரவை எழுதி வெச்சுட்டா செஞ்சிருப்பாங்க?"

"அதனாலதாம்மா அவங்களையும் பிடிக்க முடியல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. தாக்கியது யார் என்று தெரியவில்லை, ஆதாரத்தை அழித்தது நான், வேலை நிரந்தரமாகாது. இரண்டு நாடுகளின் சண்டையில் அகப்பட்ட ஒரே குற்றவாளி நான்தான்! அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராக எஸ்டிடி பூத்துக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வேலை போச்சுப்பா."

"அப்படி என்னம்மா தப்பு பண்ணே?"

"சொன்னதைக் கேட்டேன்ப்பா. மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் இங்கயே வேற வேலை தேடிக்கறேன்."