தலைக்கு ஏறிய லுங்கி

பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பெல் பகுதியின் யாழ்ப்பாணத்துத் துணிக்கடை ஒன்றில் பெட்டியும் கையுமாக நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பெண் சாரங்களை, அதாவது நம் லுங்கிகளை, ஒவ்வொன்றாகப் பிரித்து முகம் சுளிக்கிறார். பக்கத்தில் அவர் சாய்த்து வைத்திருக்கும் பலகையிலும் அவர் முகமேதான். கிழித்து ஒட்டிய புகைப்படம், கரும்புச் சக்கை, பின்னிய சவுரி. உச்சந்தலை மட்டும் வெறும் மரம்.

"ஓவியக்காரி, அண்ணை. மார்த்தினிக் தீவு," என்கிறார் கடைக்காரர். "அங்கை பொம்பிளையள் கட்டம் போட்ட துணியைத் தலையிலை கட்டுவினம். அதுக்குப் பேர் மத்ராஸாம். ஆரும் உடுத்துத் தோய்ச்ச பழசுதான் வேணுமெண்டு நிக்கிறா. நாளைக்குக் கண்காட்சி."

"மெட்ராஸா? அது எங்க ஊர்த் துணிங்க!"

என் பெருமையைக் கடைக்காரர் பிரெஞ்சில் சொல்கிறார். அந்தப் பெண் சிரித்தபடி சொல்லும் பதிலைத் தமிழில் தருகிறார்.

"தன்ரை ஆக்களை ஆபிரிக்காவிலையிருந்து ஒரு கப்பல் கொண்டுவந்ததாம். துணியை இன்னொரு கப்பலாம். இறங்கினாப்பிறகு ரெண்டும் தீவின்ரைதானாம்."

பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டுகிறேன். என் ஒரே லுங்கி. சிவப்பு மஞ்சள் கட்டம், ஓரத்தில் சாம்பார்க் கறை. கறையை வெட்டிவிடலாம் என்று சைகை காட்டுகிறேன். அவர் அந்த ஓரத்தையே பலகையின் நெற்றிக்கு நேராக வைத்து முடிச்சுப் போடுகிறார். பலகை முகத்துக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது.

கடைக்காரர் எனக்கு ஒரு புதுச் சாரம் தருகிறார். கண்ணாடி முன் நின்று தலையில் சுற்றிப் பார்க்கிறேன்.

"அண்ணை, உங்களுக்கு அது இடுப்புக்கு."