திண்டிவனத்தில் ஓர் உள்தாழ்ப்பாள்

திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை கிடைத்தபோது, வேலையைவிட எனக்குப் பிடித்துப்போனது அந்த ஊர் இருக்கும் தூரம்தான். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். தினமும் போய் வரலாம் என்கிற அளவுக்குப் பக்கம். முடியவே முடியாது என்று சாதிக்கிற அளவுக்குத் தூரம். நான் சாதிப்பதென்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரே ஓர் அறை. நான் பத்தாவது படிக்கும்போது அந்த அறைக்கதவின் தாழ்ப்பாள் உடைந்தது. "நம்ம வூட்டுல யாருக்குப் பயந்து தாப்பா போடணும்?" என்று அப்பா அதை அப்படியே விட்டுவிட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஏழு மணி வரை தூங்க ஓர் இடம். வேலைக்குப் போகிற பெண்ணின் லட்சியம் இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். இவ்வளவுதான்.

"ஒரு மணி நேரம்தான? போயிட்டு வந்துக்கினு இருக்கலாமே. எதுக்கு இந்த பேஜாரு?" என்றார் அப்பா. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் என்னைவிட உயரமாகத் தூக்கினார். இரண்டு மூஞ்சிக்கும் சோறு போட்டது அம்மா. அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நல்லவேளை, பஸ்காரர்கள் என் பக்கம் நின்றார்கள். ஊருக்குள் போகாமல் மேம்பாலத்திலேயே இறக்கிவிட்டு, முதல் வாரத்தில் மூன்று நாள் என்னை லேட்டாக்கினார்கள். மேனேஜர் முறைத்ததைச் சொன்னதும் அப்பா இறங்கி வந்தார்.

அடுத்தது வீடு தேடும் படலம். ஐயோ சாமி! தனியாக ஒரு பெண் என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் மட்டும் அன்பாக உட்கார வைத்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று அப்பாவைக் கேட்டார். நாங்கள் எழுந்து அடுத்த தெருவுக்கு நடந்தோம்.

கடைசியில் அகப்பட்டது ஒரு ரிடையர்டு வாத்தியாரின் மாடி அறை. "ஃபேமிலிக்குத்தான் குடுப்பேன் சார்" என்றார். அப்பாவின் மூளை அன்றைக்கென்று வேலை செய்தது. "இவங்கம்மா கூட இருப்பாங்க சார்" என்றார். பொய்தான். அம்மா வந்து பால் காய்ச்சி, பத்து நாள் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்பது ஏற்பாடு. வாத்தியாரோ விடாக்கண்டர். அப்படியானால் பதினோரு மாத ஒப்பந்தம் அம்மா பெயரில்தான் என்றார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, ஒரு புள்ளிகூட விடாமல் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. அம்மா பையைத் தொடவில்லை. காலையில் நான் எழுந்து டீ போடுவேன், அவள் ஏழரைக்குப் புரண்டு படுப்பாள். சாயங்காலம் வாத்தியார் மனைவியோடு வாக்கிங். ஒரு நாள் தனியாகப் போய் சினிமா பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்பம்மா கிளம்பற?"

"கையெழுத்துப் போட்டிருக்கறனேடி. வாத்தியாரு கேட்டா என்னா பதில் சொல்றது?"

அம்மாவுக்குச் சட்டத்தின் மேல் இவ்வளவு பயபக்தி உண்டென்று எனக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் அப்பா ஹோட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று என்னிடம்தான் போனில் கேட்டார். அம்மாவைக் கேட்க வீம்பு விடவில்லை. "அப்பா பாவம்மா, நீ கிளம்பு" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு வருஷமா அஞ்சு மணிக்கு எழுந்திருக்கறேன். ஒரு நாளு யாருனா என்னைப் பாவம்னீங்களா?" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "பொண்ணு நீ இருக்கற இல்ல? ஒரு மணி நேரம்தான? போயிட்டு வந்துக்கினு இருக்கலாமே" என்றும் சொன்னாள்.

இப்போது விழுப்புரத்தில் ஐந்து மணிக்கு எழுந்து அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு, மேம்பாலத்தில் இறங்கி ஓடுகிறேன். சாயங்காலம் மாடி அறையில் அம்மா கையால் ஒரு காபி, பிறகு விழுப்புரம் பஸ். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அம்மாவின் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்தால் சண்டை போட வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து எங்கள் வீட்டு அறைக்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். "உங்கம்மா கிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காபி குடிக்கும்போது சொன்னேன்.

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றாள் அம்மா.

"உள்பக்கம்தாம்மா."

என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நல்லதுடி. நீ போட்டுக்கினு தூங்கு. எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குது."